டவர் கட்சியும் சிம் கட்சியும்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள். இனிமேல் வீட்டுக்கு வீடு கேபிள் இழுக்க வேண்டியதில்லை, இன்டர்நெட் எல்லாம் காற்றிலேயே வந்துவிடும், அப்படித் தரும் கம்பெனியின் பங்கை இப்போதே வாங்கிப்போட வேண்டும் என்கிறாள் ஒருத்தி. ஒரு மழை பெய்யட்டும், உன் காற்று என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்கிறாள் மற்றவள். கம்பெனி கேட் வந்தும் இருவரும் இறங்க மனமில்லாமல் நின்று பேசினார்கள். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, "என்னாக்கா, ஜோக்கு எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. உன்னைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நமக்கும் அந்த வயதுதான் இருந்தது. கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் நீ, நான், ரத்னம்மா. உனக்கு வீட்டில் தெலுங்கு, ரத்னம்மாவுக்குக் கன்னடம், எனக்குச் சேலத்துத் தமிழ். டீ இடைவேளையில் மூன்றும் கலந்துதான் பேசுவோம். பங்குச்சந்தை என்பது ஆம்பளைகள் பேப்பரை விரித்துவைத்துப் பேசும் விஷயமாக இருந்தபோது, "நாம மட்டும் நின்னுக்கிட்டே வேலை செய்யறோம், நம்ம காசு பேங்க்ல படுத்துத் தூங்குது பாரு" என்று ஆரம்பித்தவள் நீ. மூவரும் சேமிப்பை ஒன்றாகப் போட்டோம். மூன்று பேரும் சரி என்றால் மட்டுமே எதிலும் போடுவது என்று சட்டம் இயற்றியவளும் நீதான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த புரோக்கர் ஆபீசுக்குப் போனபோது, "வீட்ல சாரை வரச் சொல்லுங்க மேடம், விவரமா சொல்றேன்" என்றார் அவர். "சாருக்கு செல்போன்ல பச்சை பட்டன் எது, சிவப்பு பட்டன் எதுன்னே தெரியாதுங்க. எங்ககிட்டயே சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். அன்றைக்கு அங்கே எல்லோருக்கும் ஒரே பேச்சு. புதிதாக வந்திருந்த ஒரு போன் கம்பெனி சி.டி.எம்.ஏ. முறையில் போன் விற்றது. அதில் சிம் கிடையாது, நம்பர் போனோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு துல்லியமாகக் கேட்கும், கட்டணமும் மலிவு. மற்றவர்கள் ஜி.எஸ்.எம்.; சிம்மை எந்தப் போனிலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எது ஜெயிக்கும் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள்.

உன் அண்ணன் வைத்திருந்த சி.டி.எம்.ஏ. போன் உத்தனப்பள்ளியில் உங்கள் வயல் நடுவிலும் எடுத்தது. அதனால் நீ அந்தக் கம்பெனியின் கட்சி, டவர் கட்சி. நான் சிம் கட்சி. எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிப் பக்கம் போனாலே என் வீட்டுக்காரர் போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் காசைத் தின்றது; அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நம் கச்சேரியைக் கேட்டு அலுத்துப்போன ரத்னம்மா, "அய்யோ ராமா, ரெண்டு போனையும் எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறமா பேசுங்க" என்றாள்.

நீ அண்ணன் போனையும் நான் வீட்டுக்காரர் போனையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் மொபெட்டில் கிளம்பினோம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ரத்னம்மா வீட்டுக்குப் போன் போட்டோம். ஊரைத் தாண்டியதும் என் போனில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உங்கள் தக்காளித் தோட்டத்துக்குப் போனபோது ஒன்றுமே இல்லை. உன் போன் மட்டும் ஜம்மென்று எடுத்தது. "எங்கடி உன் சிம்மு? தூங்குதா?" என்று வரப்பில் நின்று ஆடினாய்.

அப்போதுதான் பக்கத்து வயலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த முனியம்மா கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரு சிம்மை எடுத்தாள். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. போன தடவை வந்தபோது சிம்மைக் கொடுத்துவிட்டு, போன் அப்புறம் வாங்கித் தருகிறேன் என்று போனவன். அவன் வேலை செய்யும் பக்கம் சாரம் சரிந்து ஆட்களுக்கு அடி என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்பர் சொல்லு, போடறேன்" என்றாய் நீ.

"நம்பரு எனக்குத் தெரியாதுங்க. அதுக்குள்ளதான் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னாரு."

நீ கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அதில் சிம் போட இடமே இல்லை. என் போனில் இடம் இருந்தது, டவர் இல்லை. பிறகு உனக்குத்தான் உதித்தது. "ஏய், சிம்ம உன் போன்ல போடுடி. பேச வேணாம், பேரத் தேடு!"

போட்டேன். அவன் பெயரும் நம்பரும் இருந்தன. நான் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நீ உன் போனில் அழுத்தினாய். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. முனியம்மா உன் தோளைப் பிடித்திருந்தாள். கடைசியில், "எவரு?" என்று ஓர் எரிச்சல் குரல் வெளியே நமக்கெல்லாம் கேட்டது. அந்த எரிச்சலைக் கேட்டுத்தான் அவளுக்கு உயிர் வந்தது. சாரம் சரிந்தது வேறு கட்டடத்தில். அழுதுகொண்டே அவனைத் தெலுங்கில் திட்டித் தீர்த்தாள். நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய், சிலவற்றை விட்டுவிட்டு.

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினாய். பிறகு சொன்னாய்: "போன் இல்லாதவ கூட ஒரு நம்பர முடிஞ்சு வச்சிருக்கா பாரு. சிம்முதான்டி ஜெயிக்கும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "டவர் இல்லாம சிம்ம வச்சு என்ன பண்றது? உன் கம்பெனி பங்குதான் வாங்கணும்" என்றேன். மத்திகிரி வரும்வரை சண்டை, கட்சி மாறி.

திங்கட்கிழமை ரத்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணா? ரெண்டு பேரும் ஒரே பக்கம் வர்ற வரைக்கும் காசு பேங்க்லயே இருக்கட்டும்."

அந்தப் பங்கு ஏறியபோது நான் உன்னை முறைத்தேன். பல வருடம் கழித்து அந்தக் கம்பெனி போன இடம் தெரியாமல் ஒடுங்கியபோது நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். ஆனால் அதற்கு வெகுமுன்பே நாம் ஒரே பக்கம் வந்திருந்தோம். முனியம்மாவைப் போன்றவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்றாய். மூவர் காசையும் போட்டு, மத்திகிரி பஸ் ஸ்டாப் அருகே இரண்டு வகை போனும் விற்கும் கடை திறந்தோம். வேலையை விட்டுவிட்டு நீ கல்லாவில் உட்கார்ந்தாய். முதல் போனை முனியம்மாவின் புருஷனே வந்து வாங்கினான். உன்னிடம் பேரம் பேசித் தோற்றான்.

ஒருநாள் கடையில், அன்று ஏன் அப்படிச் சட்டென்று மாறினாய் என்று கேட்டேன். "கட்சி மாறறது கேவலமாடி? எதிராளி சொன்னது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்" என்றாய்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டாவது ஆவணி வரப்போகிறது. கடையை ரத்னம்மா பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் என் மகள், பெங்களூரு வேலையை விட்டு இங்கேயே சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது என்று ஆரம்பித்தேன். அவள் சொல்லச் சொல்ல, சாப்பாடு முடிவதற்குள் இடம் எங்கே பார்க்கலாம் என்று நானே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ பயந்துபோய், "அவசரப்படாதீங்கம்மா, அந்த வேலையும் நல்ல வேலைதான்" என்கிறாள்.

ரசத்தை ஊற்றிக்கொண்டு, உன்னைப்போலவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். "சரி, இப்ப நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆரம்பி" என்றேன்.