காணாமல் போன பாதிப் பேர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இங்கே மண், மீன், மருந்து என்று எதை ஆராய்பவர்களும் புள்ளிவிவர மாடல், அதாவது சேர்த்த விவரத்திலிருந்து முடிவு சொல்லும் கணக்கு, போட என்னிடம்தான் வருகிறார்கள், முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. நேற்று மூட்டுவலிக்கு மருந்து கண்டுபிடித்த பெரிய டாக்டர் வந்தார்.

"சாப்பிட்ட எல்லாருக்கும் குணமாயிடுச்சு. அதுக்கு ஒரு மாடல் போட்டுக் குடும்மா."

"மருந்து வாங்கினவங்க லிஸ்ட்ல இருக்கற பாதிப் பேரை முடிவுல காணோமே சார்?"

"அவங்க மருந்தை விட்டுட்டு நடுவுலயே நின்னுட்டாங்க. விட்டுத்தள்ளு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் மேதை! ஏன் நின்றார்கள் என்று விசாரித்து வரச் சொன்னேன். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி போனார்.

அண்ணன், அண்ணி, பூனை வரை எல்லாரும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவை மட்டும் காணோம். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்து, அவர் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்