அவனைக் குழந்தை என்று சொன்னவளுக்கு

அக்கா,

உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள். மழை விட்ட சாயங்காலம். இரும்பு ஃபேக்டரிப் புகை கீழே இறங்கி, நம் லைன் வீடுகளின் கூரைமேல் அசையாமல் படுத்திருக்கிறது. இந்த வாசனையும் இந்தப் புகையும் சேர்ந்தால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதே எனக்கு மறந்துபோகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ கரண்டியைத் தட்டுவது கேட்கிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கும் நீ கருவாடுதான் வறுத்துக்கொண்டிருந்தாய். என் மகனைப் பற்றி விசாரிக்கத் திருவள்ளூரிலிருந்து நன்னடத்தை அலுவலர் வந்திருந்தார். ஏரிக்கரைச் சண்டையில் ஒரு பையன் செத்துப்போயிருந்தான். அடித்தவர்களில் என் மகனும் ஒருவன். அவன் கையிலும் கட்டை இருந்தது. அவனுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அதனால் சிறுவனாகவே வைத்து விசாரிப்பதா, பெரியவர்களுக்கு நடத்துகிற மாதிரி வழக்கு நடத்த அனுப்பிவிடுவதா என்று இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்ய வேண்டும். செய்வது என்னவென்று புரிகிற பக்குவம் அவனுக்கு இருந்ததா என்று பார்ப்பார்களாம். இருந்தது என்று ஆகிவிட்டால், என் பிள்ளையின் வாழ்க்கை ஜெயிலிலேயே போய்விடும்.

இதெல்லாம் பிற்பாடு வக்கீல் விளக்கியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பிள்ளையைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான். நம் லைனில் பிள்ளையைப் புகழ வேறு வார்த்தை ஏது? "அவன் பெரிய மனுஷன் மாதிரி சார். அவங்கப்பா செத்ததிலேர்ந்து ஊட்டையே அவன்தான் பாத்துக்கினு கீறான். அவனுக்குத் தெரியாதது இல்ல சார்" என்றேன். எதிர்வீட்டு நைனாவும் சேர்ந்துகொண்டு, "நம்மளவிட வெவரம் சார்" என்றார். அலுவலர் எழுத எழுத எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ கரண்டியோடு வந்து நின்றாய்.

"இன்னாடி ஒளர்ற? அவனா பெரிய மனுஷன்? சார், இடி இடிச்சா என் கட்டிலுக்கடியில வந்து பூந்துக்கும் சார் அது. பசங்க கூப்ட்டா எங்கன்னு கேக்காம பின்னாலயே ஓடும். கொழந்த சார், சுத்தக் கொழந்த."

அலுவலர் தெரு திரும்பியதும், "என் புள்ளைய லூசுன்னு எழுத வெச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். நீ ஒரு தட்டில் சோறும் கருவாடும் வைத்து என் முன்னால் நகர்த்தினாய். "துன்னுட்டுத் திட்டு" என்றாய். அட, என்ன பொம்பளையோ நீ!

மனநல ஆலோசகர் அவனிடம் பேசியது, அலுவலர் எழுதியது எல்லாம் பார்த்து, சிறுவனாகவே விசாரிப்பது என்று குழுமம் முடிவு செய்தது. "நீங்க சொன்னதுதாம்மா அவனுக்கு எதிரா நின்னுது. இந்த அக்கா சொன்னதுதான் தாங்கிப் புடிச்சுது" என்றார் வக்கீல். குழுமத்தின் வாசலிலேயே உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் அக்கா, அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் அவள் வந்தாள், செத்துப்போன பையனின் அம்மா. அவள் கத்தவில்லை. "உன் புள்ள கொழந்தையாமே. என் புள்ளைக்கும் பதினாறுதாம்மா. அவன இன்னான்னு சொல்றது?" என்று கேட்டாள்.

நீதான் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "உன் புள்ளையப் பத்திச் சொல்லும்மா" என்றாய். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் போனதுகூட உனக்குத் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் திரும்பும்போது பெரியபாளையம் தாண்டி வயல்கள் இருட்டோடு கரைந்துகொண்டிருந்தன. பாதி உறக்கத்தில் இருந்த என்னைத் தட்டி எழுப்பி, அவள் சொன்னதையெல்லாம் நீ என்னிடம் சொன்னாய். "எதுக்குக்கா எனக்கு இதெல்லாம்?" என்றேன். "உன் புள்ள திரும்பி வந்துரும். இது உங்கிட்ட இருக்கணும்டி" என்றாய்.

வந்துவிட்டான் அக்கா. சிறுவர்களுக்கான சிறப்பு இல்லத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டான். இப்போது கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. ராத்திரி வந்து சாப்பிட உட்காருவான். செத்துப்போன அந்தப் பையனுக்கு அவன் அம்மா பிசைந்து, உருட்டி, கையில் வைத்தால்தான் சோறு இறங்குமாம், பதினாறு வயசிலும். என் மகனுக்குப் பரிமாறும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வந்து என் கை நின்றுவிடுகிறது. "இன்னாம்மா?" என்பான். "ஒண்ணுமில்ல, துன்னு" என்பேன்.

அவள் சொன்னதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். இப்போது அவன் பெரியவன் ஆகிவிட்டான்.