‘வராது’ என்று சொன்னவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி குறைந்ததா? நான் நலம். இன்று எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் இப்படிச் செய்தால் சிரிப்பீர்கள்.

கீழ்வீட்டில் துணி துவைத்துத் தருகிறவள் முந்தாநாள் கேட்டாள்: “அக்கா, இன்னிக்கு மழை வருமா?”

“முப்பது சதவீதம் வாய்ப்பிருக்கு.”

“அதுக்காகப் பாதித் துணியையா காயப்போட முடியும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

இங்கே வானம் மணிக்கொரு முகம் காட்டும். அது தெரிந்தும் பெரிய மனுஷி மாதிரி “வராது” என்றேன். மதியம் கொட்டித் தீர்த்தது. கொடி அறுந்து, ஒரு விடுதிக்காக அவள் துவைத்த விரிப்பெல்லாம் சேற்றில் விழ, அந்த வாடிக்கையே அவள் கையை விட்டுப் போய்விட்டது.

“விடுங்க அக்கா, வானத்துக்கு உங்க மேல மரியாதை இல்ல” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் அவள் குரல் கேட்டால் அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறேன்.

‘மழையையே சொல்றவ என் பொண்ணு’ என்று இனி தெருவில் பேசாதீர்கள். உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை அதில் இருக்கட்டும்.

பஸ் வந்துவிடும். போகும் வழியில் அந்த விடுதியில் இறங்கி, வராது என்று சொன்னவள் நான்தான் என்று சொல்லப் போகிறேன். நான் அங்கே போவது அவளுக்குக்கூடத் தெரியாது.

உங்கள் மகள்