அகராதியில் ஒரு செதில்

நைனா,

பள்ளி நூலகத்தில் இன்று அந்தப் பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தேன். 'பாஸ்' என்ற சொல்லின் மேல் உன் விரலிலிருந்து ஒட்டிய மடவை மீன் செதில் இன்னும் இருக்கிறது. காய்ந்து கண்ணாடி போலாகிவிட்டது. எழுத்து அதன் வழியே தெரிகிறது. நீ இறந்துபோய் ஆறு மாதம். வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டும் ஆறு மாதம்.

நீ எல்லோரையும் பாஸ் என்பாய். மீன் ஏலம் விடுகிறவர், பஸ் கண்டக்டர், வலையில் சிக்கிய நண்டு, அம்மா, நான். ஒன்பதாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்குப் படகிலிருந்து நேரே வந்து, தலைமை ஆசிரியரிடம், "பாஸ், நம்ம பொண்ணு எப்டி படிக்குது?" என்றாய். வகுப்பே சிரித்தது. நம் லைட்ஹவுஸ் குப்பம் வரும்வரை உனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். வீட்டு வாசலில், "இனிமே ஸ்கூலுக்கு வராத நைனா, மருவாதியே தெரில உனக்கு" என்றேன்.

நீ திட்டவில்லை. மறுநாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். திட்டியிருக்கலாம்.

உன் மேல்தான் தப்பு என்று காட்டவே அகராதியை எடுத்து வந்தேன். 'பாஸ்' டச்சுச் சொல்லாம். டச்சில் இரண்டு 'a' போட்டு 'baas' என்று எழுதுகிறார்கள். நீ இழுத்துச் சொல்வாயே, அதே இழுப்பு. மீன் பிரித்துக்கொண்டிருந்த உன்னிடம் ஓடி வந்தேன்.

"டச்சுக்காரன்னா, பழவேற்காட்டு கல்லறைல படுத்துனுகீறானே, அவனா?"

"அவங்க ஆளுங்கதான். ஆனா அமெரிக்கா போய் குடியேறுனவங்க கிட்டேருந்துதான் இங்கிலீஷுக்கு வந்துதாம்."

"நம்மூர்லேருந்து போவலயா? சரி வுடு. அர்த்தம் இன்னா?"

"முதலாளி."

"ஹெட்மாஸ்டர முதலாளின்னதுக்கா இம்மாம் சிரிப்பு?" ஈர விரலால் அந்தச் சொல்லைத் தொட்டாய்.

"ஐயோ நைனா, லைப்ரரி புக்கு!" என்று கத்தினேன். பிறகு மெதுவாக, "ஆண்டு விழாவுக்கு வர்றியா?" என்றேன்.

"வரலாமா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நான்தான் உன் வாயில் வைத்திருந்தேன்.

வந்தாய். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நின்றாய். பரிசு வாங்கியதும் நான் மைக்கில், "தேங்க்ஸ் பாஸ்" என்றேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். அன்று நீ வந்ததற்கு இன்னொரு முறை நன்றி சொல்ல வேண்டும், நைனா.

இன்று அந்தச் செதிலைப் பார்த்து, "அது இன்னாம்மா அழுக்கு, துடைச்சிடு" என்றார் நூலகர். "இருக்கட்டும் மேடம்" என்று மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா பாஸ், சாப்ட்டியா?" என்றேன். அவள் ஒரே கருவாட்டை இரண்டு முறை திருப்பிப் போட்டாள்.

"இல்ல பாஸ்" என்றாள் பிறகு. "வா, சேந்து சாப்டலாம்."