குளத்து ஹீட்டர் மறுபடி எரிகிறது

என் அன்பான மேலதிகாரிக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு இதுதானே பட்டம், மாற்ற மனம் வரவில்லை. நான் நலம். உன் நலமும், ஆபரேஷன் செய்த இடுப்பின் நலமும், மகள், மாப்பிள்ளை, பேத்தி நலமும் அறிய ஆவல்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் "இன்னிக்கு நடந்தியா?" என்று கேட்டாலே "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். இங்கே அந்த வித்தை பலிக்காது.

நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு, நான் வேலை பார்க்கிற நம் குடியிருப்பு நீச்சல் குளத்து கேஸ் ஹீட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பற்ற வைத்தால் கொஞ்ச நேரம் எரியும், பொசுக்கென்று அணையும். கடைசியில் பற்றவே இல்லை. தண்ணீர் ஐஸாகிவிட்டது. சங்கச் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "வயசான மெஷின், கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தரையில் நடக்கப் பயமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்து பழகு என்று டாக்டர் உன்னிடம் சொன்னாரல்லவா?

நான் வாய் திறக்குமுன், உன்னோடு குளத்தில் இறங்குகிற மூட்டுவலிக் கோஷ்டி கிளம்பிவிட்டது. ஐந்தாறு பேர் துண்டோடு போய்ச் செயலாளர் அறை வாசலில் நின்றார்கள். பேக்கரி அக்காதான் தலைவி. "நாங்க என்ன மீனுங்களா சார், பச்சத் தண்ணில துள்ளி விளையாட?" என்று கேட்டாளாம். மனுஷன் சிரித்துவிட்டார். மெக்கானிக் ஒரு தடவை பார்க்கட்டும் என்று இறங்கி வந்தார்.

வந்த கேஸ் மெக்கானிக் ஒரு பெண். நம் மகள் வயதுதான் இருக்கும். வாய் ஓயாது, ஆனால் வேலையில் கறார். கேஸை அடைத்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்றினோம். பர்னர் குழாய்களின் வாயெல்லாம் சிலந்தி வலை. காற்று சரியாகக் கலக்காமல் தீ மஞ்சளாக எரிந்து, மேலே தண்ணீரைச் சூடாக்குகிற செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அப்பிக் கிடந்தது. சூடு மேலே போக வழியில்லாமல் முன்பக்கம் திரும்பியிருக்கிறது. அப்படி ஆனால் தானே உருகிக் கேஸை நிறுத்த ஒரு சின்னத் துண்டு உண்டு. அது உருகிப் போயிருந்தது.

அந்தத் துண்டு கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றாள். எனக்குப் பொறுமை ஏது? அதுவரை ஒரு கம்பியை வைத்து இணைத்துவிடலாமே என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணே, தினமும் இதுக்கு முன்னாடி நிக்கப் போறது நீங்க. ஏதாவது ஆச்சுன்னா அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். உனக்கு எப்படி அண்ணியைத் தெரியும் என்று கேட்டேன். "காலைலேர்ந்து அவங்களப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கீங்க!" என்றாள். நான் பிரஷ்ஷை எடுத்தேன்.

கரியைத் தேய்த்து முடித்தபோது என் பல் மட்டும்தான் வெள்ளை. வாட்ச்மேன் என்னை உள்ளே விட யோசித்தான். பிறகு அந்தத் துண்டும் வந்தது. தீப்பொறி தருகிற பாகமும் விரிசல் விட்டிருந்ததால் அதையும் புதிதாக மாட்டினோம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கேஸ் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் பற்ற வைத்தாள். தீ வரிசையாக, நீலமாக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்கக்கூட முடியவில்லை, புகையே இல்லை.

மறுநாள் காலையில் உன் கோஷ்டி இறங்கிவிட்டது. படிக்கட்டுக் கைப்பிடி ஓரம், நீ நிற்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு நின்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மகள் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் இனிமேல் அங்கேயே இருந்துவிடலாம் என்கிறாள். "அம்மாகிட்ட இப்பக் கேக்காதீங்கப்பா, உங்களுக்காக இங்க வேணாம்னுடுவாங்க" என்றாள். அவள் ஆசையில் தப்பில்லை. மாப்பிள்ளையும் தங்கம். இங்கே மாடிப்படி இருக்கிறது, அங்கே லிஃப்ட் இருக்கிறது. எல்லாம் எனக்கும் தெரிகிறது. உன் மனசு மட்டும் தெரியவில்லை, அதனால்தான் அவள் பேச்சை மீறி உன்னிடமே கேட்கிறேன்.

வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை, பார்த்தாயா? உனக்கு அங்கேதான் தைரியமாக இருக்கிறது என்றால் சொல். ஹீட்டரைக் கவனிக்க அந்தப் பெண் இருக்கிறாள். நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்துவிடுவேன், முகம் சுளிக்க மாட்டேன். எனக்காகவும் சொல்லாதே, மகளுக்காகவும் சொல்லாதே.

மாத்திரையை விடாதே. பேத்தியின் தோளைப் பிடித்தாவது தினம் கொஞ்ச தூரம் நட. உன் பயம் தெளிந்து, நீ எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடியும் நிலையாக நிற்கட்டும். பதிலை மகளை எழுதச் சொல்லாமல் உன் கையாலேயே எழுது. ஒரே வரி போதும், காத்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன்,
வீட்டுக்காரன்