கோட்டை வாசலில் குரைத்த நாய்

விஸ்வநத்தம்
21.2.2003

அன்புள்ள இசபெல்லுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளைகள் இரண்டும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்தையும், வார்டில் நின்று நின்று வந்த கால்வலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் நான்கு நிமிடத்துக்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புதன்கிழமையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிரஸ்ஸில் ஒரு காலண்டருக்கு புரூப் பார்த்தபோது பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். கூடப் புரூப் பார்க்கிற ஒச்சப்பன் அண்ணன்தான் பிடித்துக் கொடுத்தார்.

கிருபாவைச் சாத்தூருக்குக் கூட்டிப்போய் வந்தாகிவிட்டது. என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

நீ போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. சாத்தூர்ப் பள்ளித் தலைமையாசிரியை, இவள் ஆறாம் வகுப்புக்குத் தகுதியானவள் என்று சொன்னால் கிருபா இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே என்னிடம் படிக்கலாம். இல்லையென்றால் ஜூனில் பாளையங்கோட்டை ஹாஸ்டல். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஹாஸ்டல் படிவம் பீரோவில், உன் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. என் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலிதான்.

போன ஜூலையில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கு நீ எழுதிய கடிதம் இன்னும் சுடுகிறது. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அதன் முதல் வார்த்தையை மறந்துவிட்டு நிற்பதை நான் தினமும் பார்த்தேன். பெஞ்சு மேல் ஏற்றி ஏற்றி, திங்கட்கிழமை வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. அக்கா போகாத இடத்துக்கு நான் மட்டும் எதற்கு என்று சாம்சுந்தரும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டான். அவனை நீ தனியாகத் திட்டிக்கொள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவளே நீதான். உன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்திய வரலாற்றுக் கேசட்டுகள் என்று பன்னிரண்டு அனுப்பினாயே, அதில் எகிப்து கேசட்டை ஒருநாள் போட்டுவிட்டு நான் சமையலைப் பார்த்தேன். இங்கிலீஷ்தானே, ஏதோ ஓடட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் கிருபா தனக்குப் புரிந்த அளவில் பிரமிடு கட்டிய கதையைத் தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் நிற்காதது காதில் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? சமூக அறிவியல் புத்தகங்களையும் நூலகத்தில் கிடைத்தவற்றையும் வைத்துக்கொண்டு நானே தமிழில் படித்து டேப்ரெக்கார்டரில் பதிய ஆரம்பித்தேன். காலையில் நான் பாடம் சொல்வது, மதியம் பிரஸ்ஸுக்குப் போனபின் கேசட் பாடம் சொல்வது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்கா பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடுவார். பிள்ளைகளுக்குக் காவலும் ஆயிற்று, அவருக்குக் கதையும் ஆயிற்று. கைதான் வேலையில் இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்பார். இப்போது அவருக்குப் பாண்டிய ராஜாக்கள் வரிசை தெரியும்.

பிரஸ் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. அங்கே ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புரூப்பைப் பார்ப்போம் இல்லையா, கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட வாயால் சொல்லித்தான் படிப்போம். முதல் இரண்டு கேசட்டில் அசோகர் கமா போட்டுக்கொண்டுதான் கலிங்கத்துக்குப் போகிறார். அதைத் திருத்தியாயிற்று. திருத்தாத ஒன்றுதான் என்னைச் சாத்தூரில் மாட்டிவிட்டது.

போன செப்டம்பரில், பூலித்தேவர் கோட்டையைக் கும்பினிப் படை பீரங்கி கொண்டு தாக்கிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசன் நேரம். பீரங்கி என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துப் பார்த்தார்கள். வரிசையாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி, பெரிதாக ஒன்று. உடனே தெரு நாய் குரைத்தது. திரும்பப் பதிந்திருக்க வேண்டும். போட்டுக் கேட்டால் கோட்டையே முன்னால் நிற்பது போல இருந்தது, மனசு வராமல் விட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை தலைமையாசிரியை கிருபாவை எதிரே உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். அசோகர், அக்பர், ராஜராஜன் என்று எதைக் கேட்டாலும் இவள் நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவள் போலச் சொல்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடைசியாக, கும்பினிப் படை பூலித்தேவர் கோட்டையை எப்படித் தாக்கியது என்றார். "மொதல்ல மூணு குண்டு போட்டாக மிஸ். செத்த நேரம் விட்டு, ஒரே ஒரு பெரிய குண்டு. அப்புறம் கோட்டை வாசல்ல ஒரு நாய் குரைச்சுச்சு" என்றாள் நம் மகள்.

எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று அவர் கேட்டார். படிக்கவில்லை, காதால் கேட்டேன் என்று இவள் சாதித்தாள். ஹாஸ்டல் படிவம் கண் முன்னால் வந்தது. எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். கிருபா என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை நான் மறக்க மாட்டேன். பொய்க் கதை சொல்லி ஏமாற்றியவனாக நின்றேன், இசபெல்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப அந்தப் புத்தகத்தை எழுதினவக மட்டும் அங்கன இருந்தாகளா மிஸ்? அவுக யாருகிட்ட கேட்டு எழுதினாக?" என்று தலைமையாசிரியையிடமே கேட்டாள்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். முப்பது வருஷமாக வரலாறு நடத்துகிறேன், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்றார். பெஞ்சு மேல் நிறுத்தப்பட்ட பிள்ளை, இசபெல்.

அவர் எழுதித் தந்ததை அப்படியே தருகிறேன். "ஆறாம் வகுப்புக்குத் தகுதி உண்டு. கேட்டதைச் சிந்திக்கிறாள். எழுத்து மூன்றாம் வகுப்பு அளவில்தான் உள்ளது. பெற்றோர் இருவரும் கலந்து முடிவெடுக்கவும்." முதல் வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம், உன் நிபந்தனைப்படி ஜெயித்தவன் நான்தான். ஆனால் ஒரு தடவை மறைத்து மாட்டிக்கொண்டது போதும். சனிக்கிழமைதோறும் அழைத்து வந்தால் எழுத்துக்குத் தானே ஒரு மணி நேரம் உட்காருவதாகவும் சொல்லியிருக்கிறார். சாம்சுந்தர் ஜூனில் பள்ளிக்குப் போவான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

செல்லத்தாய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "அது எங்க கம்பெனி வெடின்னு எனக்கு அன்னைக்கே தெரியும், நல்லாத்தான இருந்துச்சுன்னு விட்டுட்டேன்" என்கிறார். இந்த ஊரில் எல்லோரும் சேர்ந்துதான் என் பிள்ளைக்கு வரலாறு எழுதியிருக்கிறோம்.

நம்ம ஊர் மேரி சிஸ்டர் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இத்துடன் ஒரு கேசட் கொடுத்திருக்கிறேன். ஏ பக்கத்தில் கிருபா தன் வாயால் பூலித்தேவர் பாடத்தைச் சொல்லியிருக்கிறாள், நாய் இல்லாமல். அதைக் கேட்டுவிட்டு ஹாஸ்டலா வீடா என்று எழுது. ஹாஸ்டல் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். நீ அங்கே, அவள் அங்கே என்று வீடு எப்படி இருக்கும் என்பதை நான் இப்போது எழுத மாட்டேன்.

பி பக்கம் காலியாக இருக்கிறது. அது கிருபா உனக்காக விட்டது. அம்மா எதற்காக அந்த ஊருக்குப் போனாள், எப்போது திரும்பி வருவாள் என்ற பாடத்தையும் பதிந்து தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க அங்கன இல்லையேப்பா. போனவகளே சொல்லட்டும்" என்கிறாள்.

ரொம்பப் பேச வேண்டாம். வார்டில் மணி அடித்தால் அடிக்கட்டும், யாராவது கூப்பிட்டால் கூப்பிடட்டும், எதையும் அழிக்காமல் அனுப்பு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தைச் சீக்கிரமாகக் காப்பாராக.

உன்,
ராஜசிங்