பத்து மட்டும்

22.9.2011
ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்தும் மலைச்சாமி சாருக்கு இணையத்தில் மாதிரித் தேர்வு செய்துகொண்டிருக்கிறோம். அது ஃப்ளாஷ் என்கிற மென்பொருளில் ஓடும். திறக்கிற கம்ப்யூட்டரில் ஃப்ளாஷ் எந்த வெர்ஷன் என்று பார்த்து உள்ளே விடுவது என் வேலை. 'பத்து அல்லது அதற்கு மேல்' என்று எழுதினேன். முதலாளி லிங்கேஸ்வரன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாம பத்துலதாம்மா ஓட்டிப் பாத்திருக்கோம். மேல வந்து ஒடஞ்சா ஆரு பதில் சொல்லுதது? பத்து மட்டும்னு போடு."

போட்டேன். பக்கத்து சீட்டு கௌதம்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே என் டப்பாவிலிருந்த கோவைக்காய்ப் பொரியலைத் தின்றுகொண்டிருந்தான். தினமும் நடப்பதுதான்.

5.10.2011
ஆயுதபூஜை. மானிட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். நாளை விஜயதசமி, மையத்தில் திறப்பு. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். "பூசையில வச்சதத் தொடுவாகளா?" என்று முதலாளி பொரிகடலையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

6.10.2011
பாழாய்ப் போன நாள்.

மையத்தில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் புது ஃப்ளாஷ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாக எல்லாரும் சரி என்று அமுக்கியிருக்கிறார்கள். பதினொன்று ஏறிவிட்டது. நாங்கள் ராஜபாளையத்திலிருந்து போய் இறங்கும்போது எல்லாத் திரையிலும் ஒரே வாக்கியம்: 'உங்கள் ஃப்ளாஷ் பழையது. புதுப்பிக்கவும்.' புதுப்பித்தவனைப் பார்த்து! பத்தைத் தவிர எது வந்தாலும் அதற்குப் பழையதுதான்.

மலைச்சாமி சார் கத்தினார். முதலாளி கூசாமல் என்னைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு கவனமில்லாம எழுதிருச்சு சார்."

நான் கௌதமைப் பார்த்தேன். "நீ கேட்டுட்டுதான இருந்த, சொல்லு."

"எனக்கு ஞாபகம் இல்ல செல்வி."

ஞாபகம் இல்லையாம். என்ன ஜென்மம் இவன்? தின்றதாவது ஞாபகம் இருக்குமா?

7.10.2011
இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

19.11.2011
சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. ஆர்டர்களை டைப் அடிக்கிற வேலை. யாரும் எதையும் கேட்பதில்லை, நானும் எதையும் சொல்வதில்லை. படித்த படிப்பு இதற்குத்தானா?

12.12.2011
கௌதம் கம்பெனி வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. வேறொரு வாடிக்கையாளர் சைட்டில், ஃப்ளாஷுக்குப் போட்ட மாதிரியே, 'ஜாவா ஆறு மட்டும்' என்று போடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அங்கே ஏழு வந்துவிட்டது. இப்போது பழி இவன் தலையில்.

"செத்த வந்து சொல்லு செல்வி. அவரு இப்படித்தான் போடச் சொல்லுவாருன்னு உனக்குத் தெரியும்ல? வேல போயிரும்."

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன்.

இரண்டு மாதமாக நாக்கிலேயே வைத்திருந்த பதில். அவன் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டான்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். கோவைக்காய். பாதிக்கு மேல் இறங்கவில்லை.